குடமுழுக்கும் குருத்துவமும்: தஞ்சைப் பெருங்கோயிலை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

சைவத் திருக்கோயில்களில் நிகழும் கிரியைகளுள் தலையாயது குடமுழுக்கு. நித்திய பூசையாயினும் மகோற்சவமாயினும் யாவும் இதன் பின்னரே தொடங்குவன. உளியாற் செதுக்கப்பட்ட கல், கல் என்னும் நிலை நீங்கி வழிபாட்டுக்குரிய மூர்த்தியாக அமைவது இக்கிரியையினாலேயே என்பது ஆகமத் துணிபு. அரசன் பொருள் கொடுக்கலாம். ஊரவர் உழைப்புக் கொடுக்கலாம். சிற்பி தன் கலைத்திறன் முழுவதையும் கொடுக்கலாம். எனினும் இறுதியிற் குடத்து நீரைக் கையேந்தி விமானத்தின் மேல் ஏறுபவர் ஆசாரியர் ஒருவரே. ஏனையோர் கீழே நின்று கைகூப்புவர்.

அவ்வாறு மேலேறுதற்கு அவர் பெற்ற தகுதி யாது? அது பிறப்பினால் வந்ததா? கல்வியினாலும் தீட்சையினாலும் வந்ததா? அன்றி, தந்தைக்குப் பின் மைந்தன் என்னும் உடைமை முறையால் வந்ததா? இவ்வினா ஏட்டளவில் நின்ற ஒன்றன்று. சென்ற நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞரின் கண்டனங்களுக்கும், அதற்கு முந்திய நூற்றாண்டுகளிற் சோழ மன்னரின் ஆணைகளுக்கும், நம் காலத்தில் இந்திய உயர்நீதிமன்றங்களின் தீர்ப்புகளுக்கும் பொருளாய் அமைந்தது என்று ஒரே வீச்சிற் கூறிவிடலாகாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துக்குரியது. நாவலர் பேசியது 19ஆம் நூற்றாண்டில். சோழர் ஆணையிட்டது 11ஆம் நூற்றாண்டில். நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தது 1972 தொடக்கம். எனினும் வினா ஒன்றே.

கோயிற் குருத்துவத்தின் வரலாற்றில் இரு வேறு உரிமைகள் இணைந்து கிடக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்துணராமையே பிற்காலப் பூசல்கள் பலவற்றுக்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஒன்று, குருவிடமிருந்து மாணாக்கனுக்குச் செல்லும் ஆசாரிய உரிமை. மற்றையது, தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்லும் காணியுரிமை. தஞ்சைப் பெருங்கோயிலின் சாசனங்களை முதன்மையாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

கிரியையின் அமைப்பு

முதலிற் குடமுழுக்கின் வகைகளை அறிதல் வேண்டும். புதிதாக எடுத்த கோயிலிற் செய்வது ஆவர்த்தம். வெள்ளம் முதலியவற்றால் அழிந்த கோயிலை மீள நிறுவிச் செய்வது அநாவர்த்தம். பழுதுற்ற கோயிலைப் புதுக்கிச் செய்வது புனராவர்த்தம். களவு, தீட்டு முதலியவை நேர்ந்தவிடத்துச் செய்வது அந்தரிதம். நம்மூர்களிற் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது பெரும்பாலும் புனராவர்த்தமே. பன்னிரண்டு என்னும் கணக்கிற்கு மருந்தும் ஒரு காரணம். மூர்த்தியைப் பீடத்தோடு பொருத்தும் அட்டபந்தனம் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்ப்பது. காலப்போக்கில் அது இறுகி வெடித்து, அபிடேக நீர் பீடத்தினுள்ளே கசியத் தொடங்கும். எனவே மருந்து புதுக்கவேண்டிய காலமும் கிரியை புதுக்கவேண்டிய காலமும் ஒன்றாயின.

கிரியைகள் அனுக்ஞையுடன் தொடங்கும். இறைவனிடமும் கூடியிருக்கும் பெரியோரிடமும் அனுமதி வேண்டுதல் என்பது இதன் பொருள். பின்னர்க் கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்தி என்பன நிகழும். தூய இடத்து மண் எடுத்து வந்து (மிருத்சங்கிரகணம்) பாலிகைகளில் முளையிடுவர் (அங்குரார்ப்பணம்). ஆசாரியர் கையிற் காப்புக் கட்டப்படும் (ரக்ஷாபந்தனம்). காப்புக் கட்டியபின் கிரியை முடியும்வரை அவர் ஊரெல்லை கடத்தல் ஆகாது. வீட்டில் இறப்பு நேரினும் அத்தீட்டு அவரைச் சாராது என்பது மரபு. அந்நாள்களில் அவர் ஒரு குடும்பத்துக்கு உரியவர் அல்லர். கிரியைக்கே உரியவர் என்பதை இவ்விதி புலப்படுத்துகின்றது.

பழைய கோயிலாயின், மூலமூர்த்தியிடத்துள்ள இறையாற்றலைக் கும்பத்துக்கு எழுந்தருளச் செய்தல் வேண்டும். இதனைக் கலாகர்ஷணம் என்பர். அவ்வாறு எழுந்தருளிய கும்பம் யாகசாலையில் வைக்கப்படும். கும்பம் என்பது வெறும் குடமன்று. குடம் உடல், அதன்மேற் சுற்றிய நூல் நாடிகள், உள்ளிருக்கும் நீர் குருதி, மேல்வைத்த தேங்காய் தலை, மாவிலை சடை. இவ்வாறு ஒரு மேனி அமைத்து அம்மேனியில் இறைவனை எழுந்தருளுவித்து, ஒன்று, ஐந்து, ஒன்பது, முப்பத்துமூன்று என்னும் எண்ணிக்கையில் அமைந்த குண்டங்களில் அக்கினி வளர்த்துப் பூசிப்பர். பூசை பல காலங்கள் நிகழும். இறுதியில் நாடிசந்தானம், ஸ்பர்சாகுதி என்னும் கிரியைகளால் யாகசாலைக்கும் மூலமூர்த்திக்கும் தொடர்பு உண்டாக்கப்படும். யாகசாலையிலிருந்து கருவறை வரை தருப்பைக் கயிறோ நூலோ கட்டப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். பூர்ணாகுதியின் பின்னர்க் கும்பங்கள் வீதிவலம் வந்து தூபியிலும் மூர்த்தியிலும் சொரியப்படும். தொடர்ந்து நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிடேகம்.

இவ்வளவு நீண்ட கிரியையை ஒருவர் தனித்து ஆற்ற இயலாது. பிரதான சிவாச்சாரியார் ஒருவர், அவருக்குக் கிரியை முறையை நெறிப்படுத்தும் சர்வசாதகாசாரியார் ஒருவர், குண்டங்கள்தோறும் அமரும் உதவிக் குருமார், வேதம் ஓதுவோர், திருமுறை ஓதுவோர், மங்கல இசைஞர் எனப் பலர் கூடுவர். இவர்களுட் சர்வசாதகம் என்னும் பொறுப்பு உற்றுநோக்கத்தக்கது. அதற்கு அழைக்கப்படுபவர் அக்கோயிலின் உரிமைக் குருக்கள் ஆதல் வேண்டுமென்பதில்லை. பத்ததிகளில் வல்லவர் எவரோ அவரே தூர இடத்திலிருந்தும் வரவழைக்கப்படுவர். கோயில் உரிமை ஒருவரிடத்தும் கிரியை அறிவு பிறிதொருவரிடத்தும் இருத்தல் கூடும் என்பதற்கு இதுவே கண்கூடான சான்று.

தச்சனும் ஆசாரியனும்

கண் திறத்தல் எனப்படும் நயனோன்மீலனம் இக்கிரியைகளுள் தனிச்சிறப்பு வாய்ந்தது. பொன்னூசியால் மூர்த்தியின் கண்களைத் தச்சன் முதலிற் கீறுவான். பின்னர்த் தச்சனுக்கு உரிய வரிசைகள் அளித்து வழியனுப்புவர். அதன்பின் ஆசாரியர் மந்திரத்தாற் கண் திறப்பார். திறந்த கண்கள் முதலிற் காணவேண்டியவை கண்ணாடி, பசு, கன்று, கன்னியர், நெற்குவை முதலிய மங்கலப் பொருள்கள். இவ்விடத்தில் மூர்த்தி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகின்றது. அதுவரை அதனைத் தொட்டும் மிதித்தும் செதுக்கியவன், அதன்பின் அதனைத் தொடும் உரிமையை இழக்கின்றான். தச்சனின் பங்கு முற்றாக மறைக்கப்படாது, முதற்கீறல் அவனுக்கே விடப்பட்டமை கருதத்தக்கது. எனினும் முடிவான கண்திறப்பு அவனுடையதன்று.

நம் நாட்டுச் சிங்கள பௌத்த மரபிலும் இதனையொத்த கிரியை உண்டு. நேத்திர மங்கல்யம் எனப்படும் அதனை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். ஆங்குப் புத்தர் படிமத்தின் கண்களைத் தீட்டுபவன் கைவினைஞனே. அவன் படிமத்தை நேரே நோக்காது கண்ணாடியில் நோக்கித் தீட்டுகின்றான். இரு மரபுகளும் கண்ணின் ஆற்றலை அஞ்சின. இரண்டும் கண்ணாடியை இடையில் வைத்தன. ஆயின் சைவ மரபு தச்சனின் கையிலிருந்து பொறுப்பை வாங்கி மந்திரம் அறிந்த குருவிடம் ஒப்படைத்தது. ஆகவே குருவின் தகுதி யாது என்னும் வினா சைவ மரபில் மேலும் கூர்மை பெறுகின்றது.

பத்ததிகள் கூறும் குரு

ஆகமங்கள் பலவாயினும், குருமார் நடைமுறையிற் கைக்கொள்வன அவற்றின் வழிவந்த பத்ததிகளையே. 11ஆம் நூற்றாண்டினரான சோமசம்பு இயற்றிய பத்ததி இவற்றுட் புகழ்வாய்ந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சோழநாட்டில் வாழ்ந்த அகோரசிவாசாரியார் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகை தமிழகத்திலும் ஈழத்திலும் இன்றும் வழங்குவது. சோமசம்பு பத்ததியை ஹெலன் புரூனர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1963 தொடக்கம் 1998 வரை நான்கு பகுதிகளாகப் புதுச்சேரியிலிருந்து பதிப்பித்தார். ஒரு நூலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் என்பதே அதன் அருமையைக் காட்டும்.

இப்பத்ததிகளின்படி ஒருவர் குருவாதற்குப் படிகள் உள. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்பவற்றைப் பெற்று, நூல் பயின்று, இறுதியில் ஆசாரியாபிடேகம் பெறுதல் வேண்டும். இங்கு வியப்புக்குரிய ஒப்புமை ஒன்றுளது. கும்பத்து நீரால் மூர்த்திக்கு அபிடேகம் செய்து வழிபாட்டுக்குரியதாக்குவது போலவே, கும்பத்து நீரால் மனிதனுக்கு அபிடேகம் செய்து அவனை ஆசாரியனாக்குகின்றனர். பூசை தொடங்குமுன் பூதசுத்தியாலும் நியாசத்தாலும் அவர் தம் உடலைச் சிவன் உறையும் உடலாக்கிக் கொள்கின்றார். சிவமாய் நின்றே சிவனைப் பூசித்தல் வேண்டும் என்பது ஆகமக் கொள்கை. கல்லும் மனிதனும் ஒரே வகைக் கிரியையால் உயர்வு பெறுகின்றன என்றால், குருத்துவம் என்பது உண்டாக்கப்படும் ஒன்று எனவே பெறப்படும்.

அதேவேளை, பரார்த்த பூசை எனப்படும் கோயிற்பூசை ஆதிசைவர்க்கே உரியது என வற்புறுத்தும் ஆகமப் பகுதிகளும் உள. சதாசிவனின் ஐம்முகங்களாலும் தீட்சை பெற்ற கௌசிகர், காசியபர், பாரத்துவாசர், கௌதமர், அகத்தியர் என்னும் ஐவர் வழிவந்தோர் ஆதிசைவர் என்பது மரபு. இதனை மறைத்துக் கூறுதல் நேர்மையன்று. ஆயினும் பழைய சித்தாந்த ஆகமங்கள் தீட்சை பெற்றோன் தன்பொருட்டுச் செய்யும் வழிபாட்டையே முதன்மையாக விரிக்கின்றன என்றும், கோயிற்பூசையை விரிவாகப் பேசும் பகுதிகள் தென்னாட்டிற் பின்னர் வளர்ந்தவை என்றும் ஆய்வாளர் சிலர் கொள்வர். ஆதிசைவர் மரபுக் கதையிலுங்கூட அம்முனிவர்களை உயர்த்தியது பிறப்பன்று, அவர்கள் பெற்ற தீட்சையே என்பது ஈண்டு நினையத்தக்கது.

தஞ்சைச் சாசனங்கள்

முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், இராசராசேச்சரத்து விமானத்தின் தூபியில் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்று அளித்தான். அக்குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகட்டின் நிறை 2926½ கழஞ்சு. அக்கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களுட் சில மும்மடி சோழமண்டலம் எனப் பெயர்பெற்ற ஈழத்தில் இருந்தன. ஆகவே தஞ்சைக் கோயிலின் வரலாறு நமக்கு அயலதன்று. வெற்றிகொள்ளப்பட்ட ஈழத்து மண்ணின் விளைவும் அங்குச் சென்றது என்பதைப் பெருமிதமின்றியே நாம் பதிவு செய்தல் வேண்டும்.

இராசராசன் காலத்தில் அரசகுருவாக விளங்கியவர் ஈசான சிவபண்டிதர். அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலில் வழிபாடாற்றிய ஆசாரியர் சர்வசிவ பண்டிதர். இராசேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. சர்வசிவ பண்டிதருக்கும், அவருடைய மாணாக்கருக்கும், மாணாக்கரின் மாணாக்கருக்கும் ஆசாரியபோகமாக ஆண்டுதோறும் 2000 கலம் நெல் வழங்குமாறு அது ஆணையிடுகின்றது. அவர்கள் ஆரியதேசம், மத்தியதேசம், கௌடதேசம் என்னும் நாட்டினராயும், ஆசாரியராதற்குத் தகுதி வாய்ந்தோராயும் இருத்தல் வேண்டும் எனவும் அது விதிக்கின்றது.

இச்சாசனத்தில் மைந்தர் என்ற பேச்சில்லை. மாணாக்கர், மாணாக்கரின் மாணாக்கர் என்பதே வாய்பாடு. சோழப் பேரரசின் தலைமைக் கோயிலின் குருத்துவம் குருசீட மரபில் இறங்கிற்று என்பது இதனால் ஐயமின்றித் துணியப்படும். எனினும் இதனை எல்லார்க்கும் திறந்த கதவம் எனக் கொள்ளுதலும் தவறு. நாட்டுவரையறை ஒன்று அங்குளது. தமிழ்நாட்டவரை அது கருதவில்லை. கங்கைச் சமவெளியினின்றும் வந்த மடங்களின் செல்வாக்கைச் சோழவரசு போற்றியது என்பதே அதன் வரலாற்றுப் பொருள். பிறப்பு வாயில் திறந்திருக்கவில்லை என்றாலும், குலக்காணியாக அவ்வுரிமை இறங்கவில்லை என்பது தெளிவு.

அதே கோயிலிற் பிறிதொரு கூட்டத்தாரும் இருந்தனர். திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பான், கொட்டிமத்தளம் வாசிப்பான் என்னும் இருவரையும் சேர்த்து 50 பேரை இராசராசன் நியமித்தான். நாளொன்றுக்கு ஒவ்வொருவர்க்கும் முக்குறுணி நெல். இவர்களின் பெயர்களைச் சாசனம் ஒன்றொன்றாகத் தருகின்றது. பலர் தமிழ்ப்பெயரோடு ‘சிவன்’ என முடியும் தீட்சைப் பெயரையும் தாங்கியுள்ளனர். தமிழ்ப் பதிகம் பாடியோர் தீட்சை பெற்றோராகக் கோயிலினுள் இருந்தனர் என்பதும், வடமொழி மந்திரமும் தமிழ்ப் பதிகமும் ஒரே மதிலினுள் ஒலித்தன என்பதும் இவற்றாற் பெறப்படும்.

காணியுரிமை

தஞ்சைப் பெருங்கோயில் அரசன் நேரே எடுத்த கோயில். ஊர்க் கோயில்களின் நிலை வேறு. சோழர்காலச் சாசனங்கள் ஊர்க் கோயில்களிற் பூசை செய்தோரைச் சிவப்பிராமணர் எனவும், காணியுடைய சிவப்பிராமணர் எனவும் குறிப்பிடுகின்றன. நந்தாவிளக்கு எரித்தற்கு ஒருவர் பொன்னோ ஆடோ கொடுத்தால் அதனை ஏற்று, சந்திராதித்தர் உள்ளவரை விளக்கெரிப்பதாக உடன்படுவோர் இவர்களே. காணி என்பது நிலவுரிமையைக் குறிக்கும் சொல். பூசை முறையும் நிலம் போலவே பங்கிடப்பட்டது. மாதத்தில் இத்துணை நாள் இன்னார்க்கு என வகுக்கப்பட்டது. தந்தை இறந்தால் மைந்தர் அதனைப் பகிர்ந்தனர்.

இவ்வேற்பாட்டை இழித்துரைத்தல் வரலாற்றுணர்வு ஆகாது. மன்னர் மாறினும் மடங்கள் அழியினும் சிறு கோயில்களில் ஒருவேளைப் பூசையேனும் தடைப்படாது நடந்தமைக்குக் காணியுரிமையே காரணம். உடைமை என்ற பிடிப்பு இல்லாவிடின், வருவாய் அற்ற கோயிலில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றியிருக்குமா என்பது ஐயமே. சுவடிகளைப் படியெடுத்துக் காத்தோரும் இக்குடும்பத்தினரே. ஆயினும் காணி ஒருவருக்குப் பூசைமுறையைத் தரும், கல்வியைத் தராது. பேரரசும் மடங்களும் தளர்ந்த காலத்தில் ஆசாரியமரபு காணிமரபினுள் ஒடுங்கிற்று. தந்தையே குருவாகவும் மைந்தனே சீடனாகவும் ஆன நிலையில், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வேரூன்றியது.

ஈழத்து நிலை

இவ்வேறுபாட்டை நம் நாட்டில் அழுத்தமாக எடுத்துரைத்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). கிறித்தவ சமயத்தவரோடு வாதிட்ட நாவலரை நாம் நன்கறிவோம். கோயில் அதிகாரிகளோடும் குருமாரோடும் வாதிட்ட நாவலர் அத்துணை நினைக்கப்படுவதில்லை. சிவதீட்சை பெறாதோரும் ஆகமம் கல்லாதோரும் சிவாலயங்களிற் பூசை புரிதல் தகாது என்று அவர் இடித்துரைத்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் அமைப்பும் வழிபாடும் ஆகமத்தோடு பொருந்தவில்லை எனத் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டார். பூசகர் ஒருவரை அவருடைய குலத்தை மாத்திரம் கொண்டு ஏற்கலாகாது என்பதே இவற்றின் உட்கிடை. ஆனால் நாவலர் வருணாசிரம முறையை மறுத்தவர் அல்லர். பிறப்பு வேண்டும், அதனோடு கல்வியும் தீட்சையும் வேண்டும் என்பதே அவர் நிலை. அவரை இற்றைக்காலச் சமத்துவவாதியாக்குதலும், பழமையின் காவலராக மட்டும் ஒடுக்குதலும் ஒருங்கே பிழையாம்.

நம் காலத்தை அண்டி வந்தோருள் பேராசிரியர் கா. கைலாசநாதக் குருக்கள் குறிப்பிடத்தக்கவர். குருக்கள் மரபிற் பிறந்து, வடமொழிப் பேராசிரியராய்ப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். அவர் எழுதிய ‘சைவத் திருக்கோயிற் கிரியை நெறி’ கிரியைகளை அவற்றின் பொருளோடு தமிழில் விளக்கிற்று. காணிமரபும் ஆசாரியமரபும் ஒருவரிடத்தே நிறைவாகப் பொருந்தின் எத்தகைய பயன் விளையும் என்பதற்கு அவர் சான்று.

போர்க்காலம் இவ்வினாவை வேறொரு முகத்தோடு நம்முன் நிறுத்திற்று. 1990இல் மன்னார் மாதோட்டப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, 1948 தொடக்கம் திருப்பணிச் சபையின் முயற்சியால் மீண்டெழுந்த திருக்கேதீச்சரத்தின் வழிபாடும் தடைப்பட்டது. கருங்கல்லாற் புதுக்கப்பட்ட அக்கோயிலுக்கு 2022இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வாறு பாழடைந்து மீண்ட கோயில்கள் மிகப் பல. கூரையற்ற கோயிலை மீண்டும் கோயிலாக்கும் கிரியை ஊரவர்க்கு வெறும் சமயச் சடங்கன்று. ஊர் மீண்டது என்று அவர்கள் தமக்குத்தாமே கூறிக்கொள்ளும் சொல்லும் அதுவே.

இக்கட்டுரையின் பொருட்டு, இத்தகைய குடமுழுக்குகள் பலவற்றிற் சர்வசாதகம் புரிந்த முதிய குருக்கள் ஒருவரை அணுகி, அவர்பின் இதனைச் செய்வோர் யாவர் என வினவினோம். தம் மைந்தர் இருவரும் வெளிநாட்டில் உள்ளனர் என்றார். ஒருவர் ஆங்குள்ள கோயிலொன்றிற் பூசகர், மற்றவர் கணக்காளர். தம்மிடமுள்ள கிரந்த எழுத்துப் பத்ததிகளை வாசிக்கத் தெரிந்தோர் அயலில் இருவரோ மூவரோ என்றார். “படிக்க வாற பிள்ளையை இன்னார் பிள்ளை எண்டு கேட்கிற காலம் போட்டுது தம்பி, படிக்க வாறதே பெரிசு” என அவர் கூறியது எம்முள்ளத்தில் ஆழப் பதிந்தது.

நீதிமன்றத்தின் முன்

தமிழகத்தில் இவ்வினா சட்டத்தின் வழி தீர்க்க முற்படப்பட்டது. 1971இற் சட்டமாகிய திருத்தம் அருச்சகர் நியமனத்தில் வாரிசு முறையை ஒழித்தது. அதனை எதிர்த்து அருச்சகர்கள் தொடுத்த சேசம்மாள் வழக்கில் 1972இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியமனம் என்பது சமயஞ் சாராத செயல். வாரிசு முறை வெறும் வழக்கமே. ஆகவே அதனை ஒழித்தது செல்லும் என்று அது கூறிற்று. எனினும் நியமிக்கப்படுவோர் ஆகமம் கூறும் தகுதியுடையோராயிருத்தல் வேண்டும் என்றும் அது வரையறுத்தது. இத்தீர்ப்பை நம் ஆய்வின் ஒளியில் நோக்கின், நீதிபதிகள் காணியுரிமையை நீக்கி ஆசாரியவுரிமையை நிலைநிறுத்தினர் எனலாம். ஆனால் ஆகமத் தகுதி என்பதனுள் பிறப்பும் அடங்குமா என்ற முடிச்சு அவிழாதே நின்றது.

2002இற் கேரளக் கோயிலொன்று பற்றிய ஆதித்தன் வழக்கில், கிரியை கற்றுத் தகுதி பெற்ற பிராமணரல்லாதாரைப் பூசகராக நியமித்தல் செல்லும் என அந்நீதிமன்றம் தீர்த்தது. தமிழக அரசு 2006இல் எல்லாச் சாதியினரும் அருச்சகராகலாம் என ஆணையிட்டுப் பயிற்சிப் பள்ளிகளை நிறுவியது. இருநூறுக்கு மேற்பட்ட மாணவர் பயின்று வெளியேறினர். வழக்கினால் அவர்களின் நியமனம் தடைப்பட்டது. 2015இல் உச்சநீதிமன்றம், அந்தந்தக் கோயிலின் ஆகமத்துக்கு இயைய நியமனம் அமைதல் வேண்டும் எனக் கூறி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய விட்டது. பயிற்சி பெற்றோருள் 24 பேர் 2021 ஆகத்தில் நியமனம் பெற்றனர். பள்ளியிற் கற்று முடித்த இளைஞர் பலர் பதினான்கு ஆண்டுகள் அளவு காத்திருந்தனர் என்பதையும், தலைமுறையாகச் சிறுவருவாயிற் பூசை செய்த குடும்பங்கள் தம் வாழ்வுரிமை பறிபோகுமென அஞ்சின என்பதையும் ஒருங்கே உணர்தல் வேண்டும்.

கிரியை எம்மொழியில் என்பதும் நீதிமன்றம் ஏறியது. தஞ்சைப் பெருங்கோயிலில் 1997 யூன் மாதக் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தர் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 23 ஆண்டுகள் கழித்து 2020 பெப்புருவரி 5ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதற்குச் சில நாள்களின் முன்னர், தமிழிலும் வடமொழியிலும் கிரியை நிகழ்தல் வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இதனைப் புதுமை என்றோர் உளர். நாற்பத்தெண்மர் பதிகம் பாடிய கோயிலில் அது முற்றிலும் புதுமையாதல் எங்ஙனம்?

முடிவுரை

இலங்கையிற் கோயில்களை நேரடியாக நிருவகிக்கும் அரச சபை தமிழகத்திற் போல இல்லை. கோயில்கள் பெரும்பாலும் தருமகர்த்தா சபைகளிடமும் தனிக்குடும்பங்களிடமும் உள்ளன. எனவே நம்மிடையே இவ்வினா சட்டமாக எழாது, ஆளில்லாமையாக எழும். நிருவாகிகள் கோபுரத்தின் உயரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு கூறேனும் குருமாரின் கல்விக்குச் செலவிடுகின்றனரா? சுவடிகளைக் காக்கின்றனரா? கிரந்த எழுத்துக் கற்பிக்கின்றனரா? இராசராசன் 3083 பலம் நிறையில் ஒரு குடம் கொடுத்தான். அவன் மைந்தன் குடத்தை ஏந்துவோரின் மாணாக்கருக்கும் அவர்தம் மாணாக்கருக்கும் 2000 கலம் நெல் கொடுத்தான். முன்னையதை வியந்து பேசுவோர் பலர். பின்னையதை நினைவோர் மிகச் சிலரே.

காணி காத்தது, கல்வி உயிர்ப்பித்தது. காத்த குடும்பங்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் கல்லையே கும்பநீரால் உயர்த்தவல்லது என நம்பும் ஒரு நெறி, கற்க முன்வரும் மனிதனை அந்நீரால் உயர்த்த இயலாதது எனக் கூறுமாயின், அது தன் கிரியையின் பொருளையே ஐயுறுவதாகும். அடுத்த பன்னிரண்டாம் ஆண்டில் அட்டபந்தனம் மீண்டும் வெடிக்கும். அன்று குடத்தை ஏந்தி மேலேறுவோர் யாவர் என்பதை இன்றே எண்ணுதல் நம் கடனாகும்.